குப்புறப் படுத்து மீன் பார்ப்பது

தேங்காய் மூணு போதுமா நாலு வேணுமான்னு யோசிச்சுக்கிட்டு நிக்கையில கூடத்துல இருந்து மாப்பிள்ளை சத்தம் வருது, நீச்சல் தெரியணும்னு அவசியமே இல்ல அத்தை, சும்மா குப்புறப் படுத்து மிதக்கணும், அவ்வளவுதான். என்கிட்ட எதுக்குச் சொல்லுதாரு. நானா மிதக்கப்போறேன். நான் அடுப்படியில நிக்கேன், மறுவீட்டு விருந்துச் சொதிக்குப் பால் பிழியத் தேங்காய் திருவுதேன், எனக்கு இருக்க வேலையில மிதக்குறது ஒண்ணுதான் குறைச்சல். சரிங்க மாப்பிள்ளைன்னு சொல்லி வச்சேன். என் மக மங்கையைக் கட்டி நாலாம் நாளு பொண்ணு வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கிறவருகிட்ட வேற என்னத்தச் சொல்ல. மூணு தேங்காய் உடைச்சாச்சு, நாலாவது குடுமியோட உக்காந்திருக்கு. சாப்பிடப்போறது நாலு பேரு, மூணே தாராளம். ஆனா அவரு சொதியை ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிடுதவரு, பந்தியிலயே பாத்தேன், சாப்பாட்டுல கூச்சமே கிடையாது, விசாகன்னு பேரு, பேருக்கேத்த பளிச்சுன்னு ஒரு மூஞ்சி. நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையா இல்லாம இருந்திருந்தா எனக்கு இம்புட்டுக் கஷ்டம் இருந்திருக்காது. காலையில இட்லி தின்னு கழுவின ஈரக் கையோட போனைக் கொண்டாந்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு. ரெண்டு பேரும் தேனிலவுக்குப் போகப்போற எடம், அந்தமான் பக்கம் ஒரு குட்டித் தீவாம், சைக்கிள்ல ஒரு மணி நேரத்துல சுத்தி வந்துரலாமாம். வெள்ளை மணலு, சாஞ்ச தென்னை, கண்ணாடி கணக்கா தண்ணி. மஞ்சள்ல கறுப்புக் கோடு போட்ட மீனு கூட்டம் கூட்டமா போகுது. அதுக்கு மேல ஆரஞ்சு சட்டை மாட்டின பத்துப் பன்னெண்டு பேரு முகத்தைத் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு, கையைக் காலைப் பரப்பிப் போட்டுக்கிட்டு, அப்படியே கெடக்காங்க. அதுல ஒரு ஆளு அசையவே இல்ல. இவருக்கு என்னன்னு கேட்டேன். அவரு மீன் பாக்காரு அத்தை, அசைஞ்சா மீன் ஓடிரும்னு சொல்லிச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். நாலாவது தேங்காயையும் உடைச்சுட்டேன்.

மங்கைக்கு வலிப்பு உண்டு. இந்த ஒரு வரியை நான் மனசுக்குள்ளதான் சொல்லியிருக்கேன், அதையும் மெதுவாத்தான் சொல்லுவேன், கூடத்துல இருக்கவங்க காதுல விழுந்துருமோன்னு. பதினாலு வயசுல பள்ளிக்கூடத்துல காலைப் பிரார்த்தனையில விழுந்தா, அதுதான் முதல். கடைசியா வந்து இருபத்தெட்டு மாசம் ஆச்சு. நடுவுல எத்தனை தரம் வந்துதுன்னு எனக்குத்தான் தெரியும், காலண்டர் தாள் ஒண்ணொண்ணுலயும் பென்சிலால ஒரு புள்ளி வச்சு வச்சுக் கிழிக்காம எடுத்து வச்சிருந்தேன், கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் அம்புட்டையும் வெந்நீர் அடுப்புல போட்டேன். வருததுக்கு முன்னாடி அவ கண்ணு ஒரு இடத்துல போய் நிக்கும். கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. இடது கைப் பெருவிரல் ஆட்காட்டி விரலைத் தானா உரசும், ரூபாய்த் தாளை உரசிப் பாக்குற மாதிரி. எண்ணி அஞ்சு நொடி. அதுக்குள்ள நான் போயிருவேன். எங்க இருந்தாலும் போயிருவேன், குளிச்சுக்கிட்டு இருந்தாலும் பாதி ஈரத்தோட போயிருவேன், பன்னெண்டு வருஷமா இந்தக் காது அவ விரலு உரசுத சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் இருக்கு, அப்படி ஒரு சத்தம் கிடையாதுன்னு மங்கையோட அப்பா சொல்லுவாக. இருக்கு. எனக்குக் கேக்கும். தண்ணிக்குள்ள கேக்குமா. மாப்பிள்ளைக்குக் கேக்குமா. அவரும் பக்கத்துல குப்புறத்தான் கெடப்பாரு, குழாய் வழியா மூச்சு விட்டுக்கிட்டு, மஞ்ச மீனைப் பாத்துக்கிட்டு. எல்லாருமே அசையாமக் கெடக்குற இடத்துல என் பிள்ளை அசையாமக் கெடந்தா எவனுக்குத் தெரியும். எந்தப் புண்ணியவான் இப்படி ஒரு விளையாட்டைக் கண்டுபிடிச்சான். மலைக்குப் போகலாம்ல, கொடைக்கானல்ல இல்லாத தேனிலவா. முதல் பாலைப் பிழிஞ்சு தனியா மூடி வச்சேன், கொஞ்சம் மேடையில சிந்திட்டு.

சொல்லாம இருக்கணும்னு நான் ஒண்ணும் பிறக்கும்போதே முடிவு பண்ணிட்டு வரல. சொன்னோம். பாளையங்கோட்டையில பாக்குற டாக்டரம்மா அடிச்சுச் சொன்னாக, மாத்திரையை ஒழுங்கா போட்டா இதுவும் ஒரு சீக்குதான், கல்யாணம் தாராளமா பண்ணலாம், பிள்ளை பெத்துக்கலாம், ஆனா சொல்லிட்டுப் பண்ணுங்க. சரின்னு முதல்ல வந்த சங்கரன்கோவில் வரனுக்குச் சொன்னோம். பையனோட அம்மா என் கையைப் பிடிச்சு, உங்க நேர்மை யாருக்கு வரும்னு கண்ணெல்லாம் கலங்கிச்சு. மறுநாளு ஜாதகம் திரும்பி வந்துட்டு, பொருத்தம் பத்தலையாம், முந்தின வாரம் எட்டுப் பொருத்தம் இருந்துச்சு. ரெண்டாவதா தென்காசி. அவுக வரவே இல்ல, போனும் எடுக்கல, ஆனா ஒரு மாசத்துல எங்க தெருக் கடைசி வீட்டுல இருந்து ஒருத்தி வந்து, பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்குன்னு விசாரிச்சா. என் நாத்தனாதான் சொன்னா, மதினி, வாயை மூடுங்க, தாலி கழுத்துல ஏறட்டும், அப்புறம் வந்தாப் புதுசா வந்ததுன்னு சொல்லிக்கலாம். புதுசா வந்ததுன்னு. அதைக் கேட்டு எனக்குத் திக்குன்னு இல்ல, அப்பாடான்னு இருந்துது. இப்ப நினைச்சா என்னைய எனக்கே பிடிக்கல. இந்த மாப்பிள்ளை வரன் வந்தப்ப மங்கை அதுக்கு ஒத்துக்கவே இல்ல. நானே அவருகிட்டச் சொல்லுதேன், அவரு கேப்பாரும்மா, பேசினாலே தெரியுதுல்லன்னு நின்னா. கேப்பாரு, அவுக அம்மா கேப்பாளா. நிச்சயத்துக்கு முந்தின நாளு அவ கையைப் பிடிச்சு என் தலையில வச்சு அழுத்திட்டேன். சத்தியம் பண்ணு. நீ வாயைத் திறந்தா நான் செத்துப் போவேன். அவ பண்ணல, நான்தான் பண்ண வச்சேன். அவ உள்ளங்கை சூடு இன்னும் வகிட்டுல இருக்கு, எண்ணெய் தேய்க்கும்போது தெரியும்.

மாத்திரை பேரு எவனுக்கும் தெரியக்கூடாதுன்னு சத்து மாத்திரை டப்பா ஒண்ணைக் காலி பண்ணி அதுல போட்டு மாத்திக் குடுத்தேன். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. என் மூளையை நானே மெச்சிக்கிட்டேன் அன்னைக்கு. நேத்து மாப்பிள்ளை அந்த டப்பாவைக் கையில எடுத்துக்கிட்டு, இது எதுக்கு மங்கை, தீவுல தினமும் இளநியும் பழமும்தானே, அஞ்சு நாளைக்கு வேண்டாம், பெட்டியில எடம் இல்லன்னாரு. கேலியாத்தான் சொன்னாரு. நான் உளுந்து ஊறப்போட்டுக்கிட்டு இருந்தவ அப்படியே நின்னுட்டேன். ஒரு வேளை விட்டாலே எனக்குத் தூக்கம் வராது. அவ, இல்லங்க, அம்மா வைவான்னு வாங்கி வச்சுக்கிட்டா. அம்மா வைவா. எல்லாத்துக்கும் அம்மா இருக்கா. பீன்ஸ், கேரட்டு, உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் எல்லாம் மூணாம் பால்ல வெந்தாச்சு. ரெண்டாம் பாலை ஊத்தி இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைச்ச விழுதைக் கரைச்சு விட்டேன். ஆத்துல குளிச்சிருக்கா இவ, சின்னதுல, குறுக்குத்துறையில படியில உக்கார வச்சு நான் முதுகு தேய்ப்பேன், திமிறிக்கிட்டு உள்ள போவா, முங்கி அங்கிட்டு எழும்புவா. பதினாலு வயசுக்கு மேல ஆறு கிடையாது, குத்தாலம் கிடையாது, குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பன்னெண்டு வருஷம் என் பிள்ளை தாழ்ப்பாள் போடாம குளிச்சிருக்கா. இப்ப அந்தத் தீவைப் பாத்தவ கண்ணுல ஒரு ஆசை இருந்துது. நான் பாத்தேன். அந்த ஆசையைப் பாத்ததுதான் எனக்குப் பெரிய தொல்லையா இருக்கு.

கூடத்துல மடிக்கணினி திறந்திருக்கு. படகுக்காரங்க ஒரு படிவம் அனுப்பியிருக்காங்களாம், ஆளுக்கு ஒண்ணு, உடம்பு எப்படின்னு கேட்டு, இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள அனுப்புனாத்தான் எடமாம். மாப்பிள்ளை தன்னோடதை முடிச்சுட்டு அவளோடதை ஆரம்பிச்சுட்டாரு. மங்கையர்க்கரசி. வயசு இருபத்தாறு. ஒண்ணு, ஆஸ்துமா உண்டா, இல்ல. ரெண்டு, இதய நோய், இல்ல, அவ இதயமே என்கிட்டதான் இருக்குன்னு ஒரு சிரிப்பு. மூணு, ரத்த அழுத்தம். மங்கையோட அப்பா பேப்பரை விரிச்சு மூஞ்சியை மறைச்சுக்கிட்டாக. எனக்கு அடுப்படியில இருந்து அவுக பெருவிரல் ரெண்டுதான் தெரியுது, பேப்பர் ஓரத்துல வெளுத்துப் போய். மனுசன் ஒரே பக்கத்தை முக்கால் மணி நேரமா வாசிக்காக. ஆம்பிளைக்கு ஒரு பேப்பர் இருக்கு, நான் எதை விரிச்சு மறைக்க. நாலு, காதுல பிரச்சினை. அஞ்சு, சமீபத்துல அறுவை சிகிச்சை. ஒவ்வொண்ணுக்கும் மங்கை இல்ல, இல்லங்குதா, ஆறாவது வரைக்கும் குரல் சாதாரணமாத்தான் இருந்துது. ஏழுல இருந்து தலையை ஆட்டுதா போல, சத்தம் இல்ல. எத்தனை கேள்வி இருக்கோ. நான் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு, பிள்ளையாரே, அந்தக் கேள்வி இல்லாம இருக்கட்டும்னு வேண்டுதேன். அடுத்த நொடி, இருக்கட்டும், இருந்தாத்தான் அவ தப்பிப்பான்னு வேண்டுதேன். பிள்ளையாரு என்ன பண்ணுவாரு பாவம், ஒரே வாய் ரெண்டையும் கேட்டா. பத்தாவதை வாசிக்கப் போகையில அவருக்கு ஆபீஸ்ல இருந்து போன் வந்து, ஒரு நிமிஷம் மங்கைன்னு வாசலுக்குப் போயிட்டாரு.

மங்கை அடுப்படிக்கு வந்தா. தண்ணிச் செம்பை எடுத்தா, குடிக்கல, கையிலயே வச்சுக்கிட்டு நிக்கா. புதுத்தாலி மஞ்சக்கயிறு சீலைக்கு மேல கெடக்கு. பதினோராவது அதுதாம்மா, நான் கீழ இறக்கிப் பாத்துட்டேன்னா. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கேன்னு கேக்கணும் யாராவது. அம்மா, உன் சத்தியத்தை எடுத்துரு. நான் கேக்குறது அவ்வளவுதான். நீ எடுத்துட்டேன்னு சொல்லு, மிச்சத்தை நான் சொல்லிக்கிடுதேன். எனக்குத் தண்ணியில இறங்கணும், ஆனா அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும், எதுக்குப் பிடிச்சிருக்காருன்னு தெரிஞ்சு பிடிக்கணும். எம்புட்டுத் தெளிவாப் பேசுதா. எங்க படிச்சா இதெல்லாம். எடுத்துட்டேன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். எடுத்துட்டேன் பிள்ள. அவ்வளவுதானே. சொன்னா மாப்பிள்ளை இப்ப வாசல்ல இருந்து வருவாரு, கேப்பாரு, முகம் மாறும், ராத்திரிக்குள்ள அவுக அம்மா போன் பண்ணுவா, மோசம் பண்ணிட்டீகளேம்பா, பண்ணினதுதானே, என்ன பதில் சொல்ல, பெட்டியோட இவ இந்த வீட்டுக்கே வருவா, கடைசி வீட்டுக்காரி விசாரிக்க வருவா. சொல்லாட்டி அந்தத் தண்ணி. ரெண்டு பக்கமும் எனக்குக் கண்ணு முன்னால தெரியுது, ஒரு பக்கமும் காலு நகரல. நான் என் பிள்ளையைப் பாத்துச் சொல்லுதேன், ஊருக்குப் போயிட்டு வாங்கட்டி, வந்த பிறகு பேசிக்கலாம், கரையிலயே உக்காந்து பாரேன், மீன் எங்கயும் போயிராது. அவ செம்பைக் கீழ வச்சா. மெதுவாத்தான் வச்சா.

அப்பத்தான் என் கை தானா இடுப்புக்குப் போச்சு. பழைய மரப்பெட்டிச் சாவி ஒண்ணு, விரல் நீளத்துக்கு, முழு இரும்பு. பெட்டி செல்லரிச்சுப் போய் இருபது வருஷம் ஆச்சு, சாவியை நான் விடல. வலிப்பு வந்தா கையில இரும்பைக் குடுக்கணும்னு முதல் தரம் விழுந்த அன்னைக்கே வாத்தியாரு ஒருத்தரு தன் சாவிக்கொத்தைக் குடுத்தாரு, அதுல இருந்து இது என் இடுப்புல இருக்கு. டாக்டரம்மா, இரும்புக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு நேரத்தைப் பாத்துக்கிட்டு இருங்கன்னு தலையில அடிச்சுக்கிட்டாக. தெரியும் எனக்கு. நான் ஒருக்களிச்சும் படுக்க வைப்பேன், நேரமும் பாப்பேன், சாவியையும் குடுப்பேன். அந்தக் கை இறுக்கிப் பிடிக்க என்னமோ ஒண்ணு வேணும்லா. கயித்தோட உருவி அவ கையில வச்சு விரலை மூடினேன். கொண்டு போ. அவ அதைப் பாத்தா, என்னையப் பாத்தா. கடலுக்குள்ளயாம்மான்னு கேட்டா. முதல் பாலை ஊத்தணும்னு அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன், அவ போயிட்டா.

முதல் பாலை ஊத்தினா பக்கத்துலயே நிக்கணும், கொதிக்க விட்டுரக் கூடாது, நுரை கூடி வரும்போதே இறக்கிரணும். நிக்கேன். மாப்பிள்ளை வந்துட்டாரு, நாற்காலியை இழுத்துப் போடுத சத்தம். எங்க விட்டோம், பத்து, கண்ணு பாதிப்பு, இல்ல. பதினொண்ணு. வலிப்பு, மயக்கம், இதுக்கு முன்ன எப்பவாவது உண்டா. மங்கை சத்தம் இல்ல. பேப்பரும் சத்தம் இல்ல. நான் உள்ளுக்குள்ள சொல்லிட்டேன், எடுத்துட்டேன் பிள்ள, எடுத்துட்டேன், சொல்லு, நல்லாச் சொல்லு. அப்ப அடுப்படியில இருந்து ஒரு குரல் கேக்குது, அவளுக்கு ஒரு சீக்கும் கிடையாது மாப்பிள்ளை, காய்ச்சல் தலைவலின்னு கூடப் படுத்தது கிடையாது. நல்ல கணீர்னு, சிரிச்ச குரல். என் குரல்தான். சொல்லி முடிச்ச பிறகுதான் எனக்கே தெரியுது. பெண் பாக்க வந்தவங்க முன்னாடி, பந்தியில, சம்பந்திகிட்ட, எத்தனை தரம் சொன்ன வார்த்தை, வாய் தன்னால எடுத்துப் போட்டுட்டு. மாப்பிள்ளை, பாத்தியா, அத்தையே சான்றிதழ் குடுத்தாச்சுன்னு சிரிக்காரு. தட்டுத சத்தம். அனுப்பியாச்சு. நான் சட்டியையே பாத்துக்கிட்டு நிக்கேன், சொதி கொதிச்சு, பாலு திரிஞ்சு, எண்ணெயா மேல மிதக்கு. கண்ணால பாக்கேன், கையை நீட்டி இறக்கத் தோணல.

அத்தை, இது எந்தப் பூட்டுக்கு. நிலைப்படியில மாப்பிள்ளை நிக்காரு, உள்ளங்கையில என் சாவி, கயிறு தொங்குது. மங்கைகிட்டக் கேட்டா உங்களைக் கேக்கச் சொல்லுதா. சிரிச்ச மூஞ்சியாவே நிக்காரு, அடுப்பைப் பாத்துட்டு, கொதிக்குது அத்தைன்னு அவரே வந்து அணைச்சாரு. அவருக்குப் பின்னால கூடத்துல அவ நாற்காலியில உக்காந்திருக்கா, இந்தப் பக்கம் திரும்பாம, கணினித் திரையைப் பாத்துக்கிட்டு. அவ கண்ணு திரையில நிக்குதா, இல்ல வேற எங்கயாவது நிக்குதா. இடது கை மடியில இருக்கு, விரல் தெரியல. இங்க இருந்து எனக்குத் தெரியல. பழைய சாவி மாப்பிள்ளை, சும்மா ஒரு ராசிக்குன்னு சொல்லணும், வாய் அதுக்குத்தான் திறக்குது, நல்லாப் பழகின வாய். நான் அவரு விரலை மடக்கிச் சாவிக்கு மேல மூடுதேன். என் கையில தேங்காய்ப் பிசுக்கு, அவரு கையெல்லாம் ஒட்டுது. பூட்டு கிடையாதுன்னு சொல்லுதேன். அவ பக்கத்துலயே இருங்கன்னு சொல்லுதேன். கணீர்னு வரல, வேற யாரோ பேசுத மாதிரி கரகரன்னு வருது. தண்ணியில அவ அசையாமக் கெடந்தா, மீன் பாக்கான்னு நினைச்சிராதீங்க மாப்பிள்ளை. கூடத்துல பேப்பர் கீழ விழுந்துது. அவரு என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாரு.